திருச்சியில் கடை போடுமுன் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்த் தேக்காவில் ஊர்க்காரர் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. "திருச்சி நல்லா வளருதுண்ணே. ஒரு கடையைப் போட்டுட்டு அங்கேயே இருந்துடலாம்னு பாக்கறேன்." நானும் அப்படிப் போனவன்தான். முதல் கடையைப் பதினாலு மாதத்தில் மூடினேன். இரண்டாவது கடை நடக்கிறது. போகிறவர்களைப் போகாதே என்று தடுக்க மாட்டேன். ஆனால் நான் பணம் கொடுத்துக் கற்றதை அவர்களும் பணம் கொடுத்தே கற்க வேண்டாம்.

முதல் தவறு, ஊரை விடுமுறையில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது. நாம் போவது தீபாவளிக்கு, இல்லை பிள்ளைகளின் டிசம்பர் விடுமுறைக்கு. அப்போது என்.எஸ்.பி. சாலையில் கால் வைக்க இடமிருக்காது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் நிரம்பி வழியும். அதைப் பார்த்துத்தான் தில்லைநகரில் கடை பேசினேன். திறந்தது ஏப்ரலில். மே மாதம் பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை தெருவில் ஆளே இல்லை. மின்விசிறிக்குக் கீழே நானும் வேலைக்கு இருந்த பையனும் மட்டும். அப்புறம் ஆடி வந்தது. பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கூட்டம் அலைமோதியது. ஆனால் கல்யாணம் இல்லாத மாதம், கையில் காசு புரளவில்லை. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. திருச்சியில் வியாபாரம் தமிழ் மாதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒரு மே மாதத்தையும் ஓர் ஆடியையும் அங்கே தங்கிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இரண்டாவது, வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில், விலை போடுவது. நான் கொப்பியும் (சிங்கப்பூர்க் காப்பி) காயா ரொட்டியும் (தேங்காய்ப்பால், முட்டை ஜாம் தடவியது) விற்றேன். ஒரு செட் 90 ரூபாய். ஒன்றரை வெள்ளிகூட இல்லையே என்றுதான் கணக்குப் போட்டேன். வந்தவர்கள் ரசித்தார்கள், படம் எடுத்தார்கள், திரும்ப வரவில்லை. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் தினமும் சாயங்காலம் படியேறி வந்து, "தம்பி, டீ கிடைக்குமா?" என்று கேட்பார். கொப்பிதான் இருக்கிறது என்பேன். ஒரு வாரம் கேட்டார், பிறகு வரவே இல்லை. அவர் மாதம் முப்பது நாளும் வரக்கூடிய வாடிக்கையாளர். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

வாடகை ஒப்பந்தத்திலும் ஏமாந்தேன். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து, பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, மர வேலை, குளிர்சாதனம் என்று உள்ளே கொட்டினேன். பதினோராவது மாதம் வாடகையை ஏற்றிக் கேட்டார்கள். போட்ட மரத்தைப் பெயர்த்துக்கொண்டா போக முடியும்? உள் வேலைக்குச் செலவு செய்வதாக இருந்தால் குறைந்தது மூன்று ஆண்டுக்கு எழுதி, ஆண்டுக்கு எவ்வளவு உயரும் என்பதையும் அதிலேயே குறித்து, பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஊர் வளர்வதற்கும் நம் கடைவாசல் வளர்வதற்கும் இடையே பல ஆண்டு இடைவெளி இருக்கிறது. விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜூனில் இயங்கத் தொடங்கியது. பஞ்சப்பூர்ப் பேருந்து முனையம் 2025 ஜூலையில் வந்தது. உடனே மதுரை சாலையில் "முனையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்று மனை விளம்பரங்கள். நிலத்தின் விலை அறிவிப்பு வந்த அன்றே ஏறிவிடும். ஆனால் பேருந்தை விட்டு இறங்குகிறவர் அடுத்த பேருந்தைத் தேடித்தான் ஓடுகிறார். கடைக்குத் தினமும் வருகிறவர் பக்கத்தில் குடியிருப்பவர். வீடுகள் வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வரத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தெருவில் கடை நிற்கும்.

காகித விஷயத்தில் உறவை நம்பி விட்டுவிடுவது இன்னொன்று. வெளிநாட்டில் வாழும் இந்தியரோ, ஓசிஐ அட்டைக்காரரோ (வேறு நாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இந்தியாவில் வீடு, கடை வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரையாக வருவது வேறு. சிங்கப்பூர்க் குடிமகனாகி ஓசிஐ எடுக்காதவர் இங்கே இருந்துகொண்டு வீடும் வாங்க முடியாது. "தம்பி பேர்ல வாங்கிடலாம்" என்று பலர் துணிகிறார்கள். நம் பணம், அவர் பெயர் என்றால் அதைப் பினாமி என்று சட்டம் பார்க்க இடமிருக்கிறது. அதைவிட, நாளைக்குத் தம்பி பிள்ளைகளுக்கு அது அவர்கள் அப்பா சொத்துதானே? ஊரிலுள்ள பழைய சேமிப்புக் கணக்கையும், வெளிநாட்டில் வாழ்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிடுங்கள். எதை வாங்கினாலும் வில்லங்கச் சான்றை நீங்களே எடுத்துப் படியுங்கள்.

இங்கிருந்தே வாட்ஸ்அப்பில் கடை நடத்தலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணும்போது நமக்குப் பன்னிரண்டரை. மறுநாள் வேலைக்குப் போகிறவர் எத்தனை நாள் விழித்திருந்து கணக்குக் கேட்பார்? நான் இங்கே இருந்தபோது முதல் கடையைப் பார்த்துக்கொண்ட என் சித்தப்பா மகன் நேர்மையானவன். ஆனால் பால் திரிந்துபோனாலும் என்னைக் கேட்டுத்தான் கொட்டுவேன் என்று காத்திருந்தான். அது அவன் தவறில்லை, முடிவெடுக்கும் உரிமையை நான்தான் அவனுக்குக் கொடுக்கவில்லை. இப்போது என் இரண்டாவது கடையான திருவெறும்பூர்க் கடையில் அவன் பங்குதாரர். டீ விற்கிறோம். மே மாதம் மதியம் கதவைச் சாத்திவிட்டு நாலு மணிக்குத் திறக்கிறோம்.

சரி, இங்கே விட்டுப் போவதையும் பாருங்கள். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டு அந்தக் காசில் அங்கே வாழலாம் என்று கணக்குப் போடுபவர்கள், நிரந்தரவாசிக்கு (பிஆர்) அந்த அனுமதி கிடையாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குடிமக்களும் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை, பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து ஆண்டு, முடித்து வீவகவிடம் அனுமதி வாங்க வேண்டும். நிரந்தரவாசியின் மறுநுழைவு அனுமதி, வெளிநாட்டில் இருக்கும்போது காலாவதியானால் அந்தத் தகுதியையே இழக்க நேரலாம். விமானச் சீட்டு வாங்குமுன் அதிலுள்ள தேதியைப் பாருங்கள்.