சாய்ந்த மரத்துக்கு எந்த ஆப்பு?

மலைச்சரிவுக் காப்பித் தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் பெரும்பாலும் பள்ளத்துப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். பள்ளத்தில் காய் பிடித்த காப்பிச் செடி, அதற்கும் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு. "மரத்தை வெட்டி மேட்டுப் பாதையில படுக்க வச்சிருங்க" என்று முதலாளி சுலபமாகச் சொல்லிவிடுவார். சாய்வுக்கு எதிராகத் தள்ள வேண்டும். ஆப்பு வேலை அங்கேதான் ஆரம்பம்.

ஆப்பை எடுக்குமுன் சாய்வை அளந்து பாருங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். இல்லையா, நூலில் ஒரு கல். மரத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று, கையை நீட்டிப் பிடித்து, நுனி அடிமரத்தை விட்டு எத்தனை அடி விலகியிருக்கிறது என்று பாருங்கள். கிளையெல்லாம் ஒரே பக்கம் கனத்திருந்தால் கண்ணுக்குத் தெரியும் சாய்வை விடக் கூடுதலாகவே வையுங்கள்.

இனி கணக்கு. 60 அடி உயரம், அடியில் 18 அங்குல விட்டம். விழவேண்டிய பக்கம் 4 அங்குல ஆழத்துக்குத் திறந்த வாய் மாதிரி வெட்டி, கதவுக்குக் கீல் மாதிரி 2 அங்குலக் கட்டையை விட்டால், பின்னால் மிஞ்சுவது ஏறக்குறைய 12 அங்குலம். அதை எதிர்ப்பக்கத்திலிருந்து கீல் வரை அறுப்பதுதான் பின்வெட்டு, ஆப்பு இறங்குவதும் அந்த வெட்டில்தான். பின்விளிம்பை ஒரு அங்குலம் தூக்கினால் நுனி 5 அடி நகரும். ஆனால் ஒரு அங்குலத் தடிமன் ஆப்பு ஒரு அங்குலம் தூக்காது. ரம்பம் தின்ற தடமே கால் அங்குலத்துக்கு மேல் இருக்கும். அதை நிரப்பிய பிறகுதான் மரம் அசையும். அதனால் நாலடி சாய்வுக்கே ஒற்றை ஆப்பு பத்தாது.

நீளம்? இந்த மரத்துக்கு 8 அங்குலம். 12 அங்குல ஆப்பை முழுக்க இறக்கினால் முனை கீலில் போய் முட்டும், அதற்குமேல் அடித்து என்ன பயன்? மெலிந்த மரத்தில் மிஷின் பட்டையும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) ஆப்பும் ஒன்றாக நுழைய இடமே இருக்காது. பின்வெட்டில் பாதியை அறுத்து, 5 அங்குலக் குட்டை ஆப்பை அங்கே செருகிவிட்டு மறுபாதியை அறுங்கள்.

இரும்பு ஆப்பை விறகு பிளக்க வைத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் இரும்பைச் செருகிவிட்டு அறுத்தேன். செயின் உரசி ஒரு பல் தெறித்து, காலணிக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி நின்றது. பிளாஸ்டிக்கில் பட்டால் ஆப்புக்குத்தான் வெட்டு விழும். அதில் மேல்முகம் சொரசொரப்பாகப் பல் வைத்தது கிடைத்தால் நல்லது, வழுவழுப்பானது அடிக்க அடிக்க வெளியே துப்பிவிடும். உள்ளே இற்றுப்போன மரத்துக்கு அகலமானதாக எடுங்கள். குறுகியது மரத்தைத் தூக்காமல் நாரை நசுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

தடிமன் பத்தவில்லை என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக, கொஞ்சம் குறுக்காக வைத்து அடிக்கலாம். அதைவிட இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் செருகி மாற்றி மாற்றி அடிப்பது எனக்குப் பிடிக்கும். ஒன்று தளர்ந்தாலும் மற்றது தாங்கும். ஒவ்வொரு அடிக்கும் மேலே பாருங்கள். அதிர்ச்சியில் காய்ந்த கிளை கழன்று தலையில் இறங்கும். பாதியில் ஆப்பை உருவவே கூடாது. ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லித்தானே வளர்க்கிறோம்.

விழும் பக்கமே சாய்ந்த மரத்துக்கு ஆப்பு உதவாது. அங்கே தண்டு நெடுக்கில் பிளந்து பின்னால் உதைக்கும் என்பதுதான் பயம். எட்டடி, பத்தடி எதிர்ச்சாய்வு என்றால் ஆப்புகளைப் பையிலேயே போட்டுவிட்டு, உயரத்தில் வடம் கட்டிக் கப்பி போட்டு இழுக்க ஆள் சேருங்கள். முதலாளி அவசரப்பட்டால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். நான் அப்படி இறங்கியிருக்கிறேன்.