தாமிரபரணி மீன்களின் பரவல் மாற்றத்தைக் கண்டறியும் முறை

ஒரு மீன் இனம் முன்பு ஆற்றின் எந்தப் பகுதிவரை வாழ்ந்தது, இன்று எதுவரை வாழ்கிறது என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், ஒப்பிடும் இரு பதிவுகளும் ஒரே இடத்தையும் ஒரே பருவத்தையும் ஒரே வகை வலையையும் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் தூண்டிலில் கிடைத்ததையும் கோடையில் வீச்சு வலையில் கிடைத்ததையும் அருகருகே வைத்து, ஒரு மீன் அழிந்துவிட்டது என்று எழுதுவது அந்த மீனுக்கும் ஆற்றுக்கும் செய்யும் அநீதி.

முதல் வேலை, ஆற்றை மீனின் பார்வையில் துண்டுகளாகப் பிரிப்பது. பொதிகை மலையிலிருந்து புன்னைக்காயல் வரையுள்ள தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது; மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. தாழ்வான இந்தக் கல்லணைகளை வெள்ளம் மூழ்கடித்துச் செல்லும்போது மீன்கள் ஏறிச் செல்ல ஓரளவு வழி இருந்தது. 1940களில் வந்த பாபநாசம் அணையும் 1950களின் இறுதியில் வந்த மணிமுத்தாறு அணையும் எந்த வெள்ளத்திலும் மூழ்குவதில்லை. கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வளர்கிற விலாங்கை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு தெளிவாக விளங்கும். ஆகவே, ஒவ்வொரு பதிவிலும் ஊர்ப் பெயரோடு, அந்த இடம் எந்த அணைக்கட்டுக்கு மேலே, எதற்குக் கீழே என்பதையும் குறிப்பிடுங்கள்.

பழைய பதிவுகளைத் தேடும்போது மிகுந்த கவனம் தேவைப்படுவது அறிவியல் பெயர்களில்தான். ஆங்கிலேய மீனியலாளர் பிரான்சிஸ் டே 1875க்கும் 1878க்கும் இடையில் வெளியிட்ட இந்திய மீன் நூல் பயனுள்ள தொடக்கம் என்றாலும், பல இனங்களுக்கு அது ஒரு மாகாணம் அல்லது மலைத்தொடர் என்ற அளவிலேயே இடத்தைக் குறிக்கிறது. தாமிரபரணிக்கே உரிய கெண்டை ஒன்றை மீனியலாளர் ஈ.ஜி. சைலஸ் 1954இல் விவரித்தபோது, அதைப் புன்டியஸ் அருலியஸ் என்ற இனத்தின் கிளையினமாகவே வைத்தார். இன்று அது டாக்கின்சியா தாம்பிரபரணியே என்ற தனி இனம். பழைய பட்டியலில் ‘அருலியஸ்’ என்றும் புதிய பட்டியலில் ‘தாம்பிரபரணியே’ என்றும் இருப்பதைக் கண்டு, ஒன்று மறைந்து மற்றொன்று புதிதாக வந்தது என்று முடிவு செய்தால் நடக்காத மாற்றத்தைப் பதிவு செய்தவராகிவிடுவீர்கள். எனவே, பழைய பெயர், இன்றைய பெயர், உள்ளூர்ப் பெயர் மூன்றையும் ஒரே வரிசையில் எழுதிய பிறகே ஒப்பீட்டைத் தொடங்குங்கள். ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் செய்த ஆய்வுகள் இதற்குப் பெரிதும் உதவும்.

அச்சில் இல்லாத காலத்தை மீனவர்களிடமும் குளத்து மீன்பாசிக் குத்தகை (மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) எடுத்தவர்களிடமும்தான் கேட்டறிய வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு என்று கேட்டால் எவராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஊரே நினைவில் வைத்திருக்கும் நிகழ்வைச் சுட்டி, “அண்ணாச்சி, தொண்ணூத்திரண்டு வெள்ளத்துக்கு முந்தி விலாங்கு எதுவரைக்கும் ஏறி வரும்?” என்று கேட்டால் விடை தெளிவாக வரும். படத்தை முதலில் காட்டாதீர்கள். அவர் மீனின் நிறத்தையும் மீசையையும் தாமாகச் சொன்ன பிறகு காட்டினால்தான், கேட்பவரின் விருப்பம் பதிலுக்குள் புகாது. பழைய குத்தகைத் தாள்கள் எவரிடமாவது இருந்தால் படியெடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குளத்தில் எந்த ஆண்டு கட்லா, ரோகு குஞ்சுகள் விடப்பட்டன என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

வந்தேறி மீன்களைத் தனியாகக் கணக்கிட வேண்டும். ஜிலேபி என்று நம் ஊரில் விற்கப்படும் திலாப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய் மீன் வாயிலேயே வைத்துக் காப்பதாலும், ஆண்டில் பலமுறை இனப்பெருக்கம் செய்வதாலும், தேங்கிய நீர் கிடைத்த இடமெல்லாம் அது நிலைத்துவிடுகிறது. குளங்களில் குஞ்சு விட்டு வளர்க்கும் கட்லாவின் நிலை வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் போன்ற பெருவெள்ளத்தில் குளக்கரைகள் உடையும்போது வளர்ப்பு மீன்கள் ஆற்றுக்கு வந்துவிடும். அப்போது பிடிபட்ட பெரிய மீனைக் கொண்டு அந்த இனம் ஆற்றில் பரவிவிட்டதாக எழுதக் கூடாது. குஞ்சு விடப்படாத பகுதியில், பின்வரும் ஆண்டுகளிலும் விரல் நீளக் குஞ்சுகள் தென்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எந்த ஆய்வும் செய்யாதீர்கள். அனுமதி உள்ள இடங்களிலும் மீனைக் கொல்லத் தேவையில்லை. ஆற்று நீர் நிரப்பிய சிறு கண்ணாடித் தொட்டியில் மீனை விட்டு, பின்புறம் வெள்ளை அட்டையும் ஓரத்தில் அளவுகோலும் வைத்து, இடப்பக்கத்தைத் துடுப்புகள் விரிந்த நிலையில் படம் எடுங்கள். சைலஸ் விவரித்த கெண்டையில், வளர்ந்த ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல்போல நீளும் கதிர்கள் நீருக்குள்தான் விரிந்து தெரியும். கையில் எடுத்தால் உடலோடு ஒட்டி மறைந்துவிடும்.

முடிவை எழுதும்போது ‘இருக்கிறது’, ‘தேடியும் கிடைக்கவில்லை’, ‘தேடவே இல்லை’ என்ற மூன்றையும் வரைபடத்தில் வெவ்வேறு நிறத்தில் காட்டுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்துவிடுவதே இத்துறையில் மிகுதியாக நேரும் பிழை. கன்னடியன் கால்வாய்ப் பகுதியிலிருந்து கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் வெள்ளநீரைக் கொண்டுசெல்லும் இணைப்புக் கால்வாய் வழியே தாமிரபரணி மீன்களும் அந்த ஆறுகளை அடையக்கூடும் என்பதால், புதிதாகத் தொடங்குவோர் நம்பியாற்றின் மீன் பட்டியலை முதலில் எடுத்து, நாள், இடம், வலையின் கண்ணளவு ஆகியவற்றோடு பதிவு செய்துவிடுவது நல்லது.