கடலோர ஊராட்சியில் நடைபாதைகளையும் வண்டிப்பாதைகளையும் சீரமைக்கத் திட்டமிடும் முறை

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், தார்ச்சாலை வருவதற்கு முன்பே காலடி பட்டுத் தேய்ந்து உருவான பாதைகள் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் உள்ளன. வலையும் ஐஸ் பெட்டியும் சுமந்து கரைக்கு இறங்கும் மணற்பாதை, பாம்பன் பகுதியில் பாசி எடுக்கும் பெண்கள் கடலுக்குச் செல்லும் தடம், சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுகளில் பதநீர் இறக்கப் போகும் ஒற்றையடிப்பாதை, கண்மாய்க் கரைமேல் செல்லும் வண்டிப்பாதை, ஊரணிக்கும் பள்ளிக்கும் இடையே வீட்டு வேலிகளுக்கு நடுவில் நெளியும் முடுக்கு என்று அவை பலவகை. சேதுபதிகள் சத்திரங்கள் கட்டிப் பேணிய சேது யாத்திரை வழிகளில் தேவிபட்டினத்தையும் திருப்புல்லாணியையும் தொட்டு ராமேஸ்வரம் போகும் அடியார்கள் இன்றும் நடக்கிறார்கள். இத்தகைய பாதைகள் பல எந்தத் திட்டத்திலும் இடம்பெறாமல் கிடப்பதற்குப் பணத் தட்டுப்பாடு மட்டும் காரணமன்று. பாதை இன்ன இடத்தில் இன்ன அகலத்தில் இருக்கிறது என்று எழுதிவைத்த தாள் ஊராட்சி அலுவலகத்தில் இல்லாததே முதல் தடை. ஆகவே திட்டமிடல் மதிப்பீட்டிலிருந்து தொடங்கக் கூடாது, பாதைப் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி, நெடுஞ்சாலைகள், மாவட்ட முதன்மைச் சாலைகள், ஊராட்சி ஒன்றியச் சாலைகள் ஆகியவை நீங்கலாக ஊருக்குள் உள்ள பொதுப்பாதைகள் கிராம ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டவை. அவற்றை அமைப்பதும் பழுதுபார்ப்பதும் ஊராட்சியின் கடமை. ஆனால் எது பொதுப்பாதை என்பதை வருவாய்த் துறை ஆவணங்களே காட்டும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும், பாதை செல்லும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரிய அளவுப் படமான புலப்படத்தையும், நிலத்தின் வகையைக் குறிக்கும் அ-பதிவேட்டின் பகுதியையும் பெற வேண்டும். அ-பதிவேட்டில் வண்டிப்பாதை, நடைபாதை, பாதை புறம்போக்கு என்று குறிப்பு இருந்தால் வேலை எளிது. பழைய புலப்படங்களில் அளவுகள் லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், ஆகவே 10 லிங்க் என்று குறித்த பாதை 2 மீட்டர் அகலமுடையது. தரையில் இன்று 1 மீட்டர்தான் இருக்கிறது என்றால் மீதி எங்கே போயிற்று என்ற கேள்வி அந்த இடத்திலேயே எழும்.

இந்த மாவட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராமநாதபுரம் ஜமீனாக இருந்த நிலப்பரப்பு இது. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே நிலங்களை அளந்து வகைப்படுத்தும் செட்டில்மெண்ட் பணி நடந்து, உழவர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்கு நிலங்கள் வந்தன. அதன்பின் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆர். எனப்படும் பதிவு மாற்றத்தில், பட்டா எண்களும் உட்பிரிவுகளும் புதிதாக எழுதப்பட்டன. ஊர் மக்கள் பாதை என்று சொல்லும் இடம் இன்றைய அ-பதிவேட்டில் பட்டாவாக இருந்தால், உடனே அவர்கள் சொல்வது தவறு என்று முடிவுகட்டாமல், யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அதில் பாதையாக இருந்து பின்னர் பட்டாவாக மாறியிருந்தால், பதிவைத் திருத்தக் கோரும் மனுவை உரிய வருவாய்த் துறை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும்.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் பழக்கத்தால் மட்டும் நடந்துவரும் பாதைகளும் உண்டு. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் தடையின்றி வெளிப்படையாக ஒரு வழியைப் பயன்படுத்தியவருக்கு அந்த வழியில் உரிமை தருகிறது. அதை நிலைநாட்டும் இடம் உரிமையியல் நீதிமன்றம். அந்த உரிமையை மட்டும் நம்பி ஊராட்சி பொதுப்பணத்தைத் தனியார் நிலத்தில் செலவிட முடியாது. நில உரிமையாளரிடம் பேசி, பாதைக்குரிய அகலத்தை அளந்து, ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்வதே நிலையான வழி. வாய்மொழிச் சம்மதத்தில் போட்ட பாதை, நிலம் கைமாறியவுடன் வேலிக்குள் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். உரிமையாளரின் தாத்தா சம்மதித்தார் என்ற பேச்சு, நிலத்தை விலைக்கு வாங்கியவரிடம் எடுபடாது.

ஆவணங்களைச் சேர்த்தபின் செய்ய வேண்டியது நடப்பது. தலைவரும் செயலரும் பொறியாளரும் மட்டும் பைக்கில் போய்ப் பார்ப்பதை நடப்பதாகக் கொள்ள முடியாது. அந்தந்தப் பாதையை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களோடு, அவர்கள் பயன்படுத்தும் நேரத்திலேயே நடக்க வேண்டும். பாசிக்குப் போகும் பெண்களின் பாதையை அவர்கள் புறப்படும் நேரத்திலும், மீன் ஏலத்துக்குப் போகும் பாதையைக் கூடை தலையில் இருக்கும்போதும், பள்ளிப் பாதையைப் பிள்ளைகள் வீடு திரும்பும்போதும் பார்த்தால்தான் குறைகள் தெரியும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறையும், கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஒரு முறையும் நடப்பது நல்லது. ஏனெனில் இந்தக் கரையில் ஒரே பாதை ஒரு பருவத்தில் தண்ணீரிலும் மறு பருவத்தில் மணலிலும் புதைகிறது. நடக்கும்போது தொடக்கமும் முடிவும், நீளம், மிகக் குறுகிய இடத்தின் அகலம், தண்ணீர் தேங்கும் இடங்கள், சீமைக்கருவேலம் அடைத்த இடங்கள், வடிகாலைக் கடக்கும் இடங்கள், இரவில் யார் நடக்கிறார்கள் என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு இடத்தையும் கைப்பேசியில் இருப்பிடக் குறியீட்டோடு படம் எடுத்துவைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் இதே பணியைச் செய்யும் முறையிலிருந்து நாம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கு நடைபாதைகளையும், நடப்பவரும் குதிரையில் செல்பவரும் சைக்கிளில் செல்பவரும் பயன்படுத்தும் குதிரைப்பாதைகளையும் சட்டப்படியான வரைபடம் ஒன்றில் பதிந்துவைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், பொதுப்பாதைகளை மேம்படுத்தும் திட்டத்தைச் சாலைகளுக்குப் பொறுப்பான மன்றங்கள் வெளியிட்டு, 10 ஆண்டுகளுக்குள் மீளாய்வு செய்ய வேண்டும் என்கிறது. இன்றைய தேவைக்கும் வரப்போகும் தேவைக்கும் இப்பாதைகள் ஈடுகொடுக்குமா, மக்கள் திறந்தவெளியில் உலவ இவை வாய்ப்பளிக்கின்றனவா, பார்வைக் குறைபாடும் நடக்கச் சிரமமும் உள்ளவர்கள் இவற்றில் செல்ல முடியுமா என்ற மூன்றையும் அத்திட்டம் ஆராய வேண்டும். மூன்றாவது கேள்வியை நம் ஊராட்சிகள் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கரையோரக் குடியிருப்பில் சக்கர நாற்காலியில் இருப்பவர், மணலில் சக்கரம் புதைவதால் ஊராட்சி அலுவலகம்வரைகூட வர முடியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார். எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிச் செல்ல 1.8 மீட்டர் அகலம் வேண்டும்; சாய்தளம் 1:12-ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது, அதாவது 1 அடி உயர 12 அடி நீளம் தேவை.

எந்தப் பாதைக்கு எந்த வேலை என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் பெரிய தவறுகள் நேர்கின்றன. பேவர் பிளாக் போடுவது மட்டுமே மேம்பாடு என்ற எண்ணம் ஊராட்சிகளில் வேரூன்றிவிட்டது. கரையோர மணலில் அடித்தளத்தை இறுக்காமலும் இருபுறமும் ஓரக்கல் பதிக்காமலும் போட்ட பேவர் பிளாக், அடியிலுள்ள மணல் நகர்ந்தவுடன் அலைஅலையாக அமுங்கும். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் சித்திரையில் போட்ட பாதை ஆடிக்குள் மணலுக்கடியில் மறைந்துபோனது. அங்கு முதலில் தேவைப்பட்டது காற்று வரும் திசையில் தென்னங்கீற்றுத் தட்டியும் அதன் மறைவில் வளர்த்தெடுக்க வேண்டிய மரவரிசையும்தான். பனங்காட்டுப் பாதைக்கும் கண்மாய்க்கரைப் பாதைக்கும் முள்ளை வேரோடு அகற்றிக் கிராவல் பரப்பி இறுக்கினால் போதும். மாட்டின் குளம்புக்கும் அதுவே ஏற்றது. தாழ்வான பகுதியில் பாதையை உயர்த்தும்போது, மழைநீர் ஊரணிக்கோ கடலுக்கோ ஓடும் வழியை அது அணைபோல் மறித்துவிடாதபடி குழாய்ப்பாலம் வைப்பதை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். கான்கிரீட் வேலை எதற்கும் கடல்மணலையும் உவர்நீரையும் பயன்படுத்த விடக் கூடாது. உப்பு கம்பியைத் துருவேற்றி, துரு கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். பள்ளம் நிரப்பப் பவளப்பாறைத் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டும் பழைய வழக்கம் எங்காவது மிஞ்சியிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும், பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம்.

கடலை ஒட்டிய பாதை என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பார்க்காமல் மதிப்பீடு தயாரிக்கக் கூடாது. 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் அறிவிக்கைகள் இரண்டும் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர்வரை பொருந்துவன. இரண்டும் மணல்மேடுகளைச் சமன்செய்வதையும் மாற்றியமைப்பதையும் தடைசெய்கின்றன. எனவே மணல்மேட்டை வெட்டிப் பாதை விடுவதைவிட, ஏற்கனவே உள்ள தாழ்வான கணவாய் வழியாகப் பாதையைத் திருப்புவதே சட்டத்துக்கும் ஊரின் பாதுகாப்புக்கும் பொருந்தும். புயல் நாளில் குடியிருப்புக்கும் அலைக்கும் இடையே நிற்பது அந்த மேடுதான், 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததைக் கண்ட கரை இது. ஐயம் இருந்தால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவுக்கு வரைபடத்துடன் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். தென்கடல் பக்கத்தில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இருப்பதால் வனத்துறையின் கருத்தும் தேவைப்படலாம். பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரைகளில் கடலை நோக்கிய உயர்கோபுர விளக்கு வேண்டாம். குஞ்சுகள் கடல் என்று எண்ணி வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து மடியும். தரையை மட்டும் நோக்கி ஒளிவிடும் தாழ்ந்த விளக்குகள் நடப்பவர்களுக்குப் போதும்.

இப்போது பட்டியல் தயாராகும். எல்லாப் பாதையையும் ஒரே ஆண்டில் எடுக்க முடியாது என்பதால், எத்தனை பேர் நடக்கிறார்கள், மாற்றுவழி உண்டா, மழையில் எத்தனை நாள் துண்டிக்கப்படுகிறது, ஆவணம் தெளிவாக இருக்கிறதா என்பவற்றை வைத்து வரிசைப்படுத்தி, அந்த வரிசைக்கான காரணத்தையும் எழுதி, கிராம சபையில் வைக்க வேண்டும். 2022 முதல் தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்களில் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2-ஐ ஒட்டித் தயாராவதால், பட்டியலை ஆகஸ்ட் கூட்டத்தில் படித்துக் காட்டி, ஆட்சேபங்களைக் கேட்டு, அக்டோபரில் தீர்மானமாக்குவது வசதியானது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் குறைவெண், அதாவது கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்த அளவு ஆட்கள், 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர். தீர்மானத்தில் “பாதை அமைத்துத் தர வேண்டும்” என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. “புல எண் இன்னதில் உள்ள பாதை புறம்போக்கில், இன்ன இடத்திலிருந்து கடற்கரைவரை, இத்தனை மீட்டர் நீளத்துக்கும் அகலத்துக்கும், ஒரு குழாய்ப்பாலத்துடன்” என்று எழுத வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் பதவியில் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம் இதே பட்டியலைக் கொடுக்க வேண்டும். பதிவேடு சரியாக இருந்தால் ஆள் மாறினாலும் வேலை நிற்காது.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரே நிதியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் ஒதுக்கப்பட்டு, 40 விழுக்காடே பாதை போன்ற பிற தேவைகளுக்கு விடப்பட்டது. அதனால் பாதையோர வடிகாலைச் சுகாதாரத் தலைப்பில் தனி வேலையாகப் பிரித்து எழுதுவது பல ஊர்களுக்கு உதவியது. நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு செலுத்த முன்வந்தால் மீதியை அரசு தரும். வெளிநாட்டில் உழைப்பவர்கள் மிகுந்த கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து ஊர்களுக்கு இது பொருத்தமானது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதியைக் குழாய்ப்பாலம் போன்ற ஒற்றை வேலைகளுக்குக் கேட்கலாம்.

மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி ஆகியவை ஒன்றியப் பொறியாளர் வழியாக வழக்கமான முறையில் நடக்கும். ஊராட்சி கவனிக்க வேண்டியது, வேலை தொடங்கும் முன் நில அளவர் எல்லைக்கல் நட்டுக் கொடுத்தாரா என்பதுதான். ஆக்கிரமிப்பு இருந்தால் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி முதலில் அறிவிப்புக் கொடுத்து, உரியவரின் விளக்கத்தைக் கேட்ட பின்னரே அகற்ற வேண்டும்; குடிசை போட்டிருப்பவர் வேறு போக்கிடம் இல்லாத மீனவக் குடும்பமாக இருந்தால் மாற்று மனைக்கான கோரிக்கையையும் கிராம சபையில் தீர்மானமாக்குவது நியாயம்.

வேலை முடிந்ததும் பாதையை ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் புல எண், நீளம், அகலம், முடித்த நாள் ஆகியவற்றோடு பதிந்து, அதே விவரத்தைப் பாதையின் இரு முனைகளிலும் பலகையாக நட வேண்டும். ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன், பழைய நோட்டை எடுத்துக்கொண்டு அதே ஆட்களோடு மறுபடி நடந்து, அடைத்த குழாய்களையும் ஏறிய மணலையும் மறுபடி முளைத்த முள்ளையும் குறித்துக்கொண்டு, அவற்றை அகற்றும் செலவை ஊராட்சியின் பொதுநிதியில் தனித் தலைப்பாக ஒதுக்கிவைக்க வேண்டும்.