பீடித்தூள் பைக்கு ஒரு பெஞ்சு

ஆலங்குளம் வட்டாரத்தில் நான் பணியாற்றும் சிற்றூர் நூலகத்தில், பெண்களுக்கென ஒதுக்கிய அலமாரியிலிருந்து மூன்று மாதங்களாக ஒரு புத்தகம்கூட இரவல் போகவில்லை. புதிய நாவல்களை வரவழைத்தேன், நூல்களை வகை பிரிக்கும் டியூயி முறையில் தமிழ் இலக்கியத்தைக் குறிக்கும் 894.811 என்ற எண்ணுக்கு மேல் பெரிய எழுத்தில் விளக்க அட்டை ஒட்டினேன். எதுவும் பலிக்கவில்லை.

பிறகு மேசையை விட்டெழுந்து, பீடிக்கடைத் தெருவில் ஒரு வாரம் நின்று கவனித்தேன். சுற்றிய பீடிகளை ஒப்படைத்து, மறுநாளுக்கான இலையும் தூளும் வாங்கித் திரும்பும் பெண்கள் எங்கள் வாசல்வரை வந்து தயங்கினார்கள். "தூளு வாடையோட உள்ள வரலாமா சார்?" என்று கேட்டார் ஓர் அக்கா. பைகளை வெளியே வைக்கச் சொல்லும் எங்கள் அறிவிப்புப் பலகைதான் தடையாக இருந்தது. எடைபோட்டுக் கொடுத்த தூளில் ஒரு பிடி குறைந்தாலும் பீடி எண்ணிக்கை குறைந்து கூலியில் பிடித்தம் விழும் என்பதால், அந்தப் பையைக் கண்மறைவில் விட அவர்களால் இயலாது.

பலகையைக் கழற்றிவிட்டு, அலமாரிக்கு எதிரிலேயே பைகளுக்காக ஒரு பெஞ்சு போட்டேன். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலக விதிகளில், வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்லும் நான்காம் விதி 1931-லேயே அச்சேறியது. அதன்படி, புத்தகப் பதிவையும் பெஞ்சருகே மாற்றினேன். அந்த வாரமே ஒன்பது புத்தகங்கள் இரவல் போயின. அடுத்து பாளையங்கோட்டையில் நடந்த நூலகர் கூட்டத்தில், எனக்கு ஒதுக்கிய இருபது நிமிடங்களையும் அந்த அக்காவிடமே கொடுத்தேன்.