ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு விண்டர் டயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே, இதற்கு எதற்குத் தனியாக விண்டர் டயர்?" என்று கேட்பவர்கள் அதிகம். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஆல் வீல் டிரைவ் இன்ஜினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். நின்ற இடத்திலிருந்து கிளம்பவும், பனி மூடிய மேட்டில் ஏறவும் அது பெரிய உதவி. ஆனால் பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. அங்கே இந்த வண்டிக்குத் தனிச் சலுகை கிடையாது. இன்னும் கேட்டால் ஆபத்து கொஞ்சம் கூடுதல். வண்டி திணறாமல் வேகமெடுப்பதால் ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும்.

நிறுத்துவது டயரின் ரப்பர். ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், விண்டர் டயரின் ரப்பர் இளக்கமாகவே இருக்கும். பனி விழாத, காய்ந்த குளிர்நாளிலும் இந்த வித்தியாசம் உண்டு.

அடுத்து, டயரின் பக்கவாட்டில் 'எம்+எஸ்' (M+S, அதாவது சேறும் பனியும்) என்று இருந்தாலே போதும் என்று நம்பி வாங்குவது. அது பட்டன், அதாவது ரோட்டில் படும் மேல்பக்கத்துப் புடைப்புகளின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் அடையாளம். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து வெறும் எம்+எஸ் டயரைக் குளிர்கால டயராகவே கணக்கில் எடுப்பதில்லை. ஒரு விஷயம்: அந்தச் சோதனை பனிக்கானது, கண்ணாடி போல உறைந்த ரோட்டுக்கானது அல்ல. உங்கள் பக்கம் உறைபனிதான் தொல்லை என்றால் முத்திரையோடு நிற்காமல், அந்த டயர் உறைபனியில் எப்படிப் பிடிக்கிறது என்றும் விசாரியுங்கள்.

செலவைப் பார்த்து இரண்டு டயர் மட்டும் மாற்றுவதுதான் என் கணக்கில் மிக மோசமான தவறு. முன்னால் மட்டும் விண்டர் டயர் போட்டால், வளைவில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். ஆல் வீல் டிரைவில் இன்னொரு சிக்கலும் உண்டு. புது டயரில் பட்டன் ஆழம் 8 மி.மீ., பழையதில் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆரத்தில் 4 மி.மீ. வித்தியாசம் என்றால் சுற்றளவில் சுமார் 25 மி.மீ. நேர் ரோட்டில் போகும்போதுகூட முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழலும். இரண்டையும் இணைக்கும் பகுதி ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துச் சூடாகும், நாளடைவில் பழுதாகும். சுபாரு போன்ற நிறுவனங்கள் சுற்றளவில் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. வித்தியாசத்துக்கு மேல் கூடாது என்கின்றன. ஆகவே நான்கும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே அளவு, ஒரே தேய்மானம். உங்கள் வண்டிக்கான வரம்பு கையேட்டில் இருக்கும்.

அகலமான டயர் நன்றாகப் பிடிக்கும் என்பது பனிக்குப் பொருந்தாது. ஒடுக்கமான டயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும். அகலமானது அதன் மேலே ஏறி மிதக்கும். கையேட்டில் அனுமதித்த அளவுகளில் ஒடுக்கமானதை எடுக்கலாம், ஆனால் எடை தாங்கும் எண் குறையக் கூடாது. ரிம்மும் சிறிதாகிறது என்றால் பிரேக் காலிப்பரில் (சக்கரத்துக்குள் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இடிக்காதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் பட்டனை அளந்து பார்க்க வேண்டும். பல நாடுகளில் பொதுச் சட்ட வரம்பு 1.6 மி.மீ., ஆனால் 4 மி.மீ.க்குக் கீழே போன விண்டர் டயர் பனியில் பெரிதாக உதவாது. 'டாட்' (DOT) எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களில் வயது தெரியும்: 3523 என்றால் 2023-ன் 35-வது வாரம்.

காற்றையும் மறக்காதீர்கள். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ குறையும். அப்புறம், சீசன் முடிந்து கழற்றும்போது எந்த டயர் எந்தப் பக்கம் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். அடுத்த முறை இடம் மாற்றிப் போட்டால்தான் நான்கும் சமமாகத் தேயும்.