எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மரம் வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் செய்யக் கிளம்புகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மரத்தில் நாதம் நன்றாக வரும்?" என்பதுதான். நம் பக்கத்தில் அதற்குப் பதிலும் தயாராக இருக்கும்: தஞ்சாவூர் வீணை பலா, மிருதங்கக் கட்டை பலா, ஆகவே கிட்டாருக்கும் பலா.

சறுக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. வீணையில் தந்தியின் அதிர்வு, அதைத் தாங்கும் குதிரை (பிரிட்ஜ்) வழியாக மேற்பலகைக்கும் குடத்துக்குள் இருக்கும் காற்றுக்கும் போகிறது. காதுக்கு வருவது அவை எழுப்பும் ஒலி. குடையாத கட்டையில் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரின் கதை வேறு. தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது கம்பி சுற்றிய காந்தம்; அதன் காந்தப்புலத்தில் எஃகுத் தந்தி அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப்ளிஃபையருக்குப் போவது அதுதான். மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தச் சண்டை கிட்டார்க்காரர்களிடையே இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் பிக்கப்பை இரண்டு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினாலே மரத்தை மாற்றியதைவிடத் தெளிவாக வித்தியாசம் கேட்கும். குவீன் ராக் குழுவின் கிட்டார்க்காரர் பிரையன் மே 1960களில் அப்பாவுடன் சேர்ந்து வீட்டில் செய்த கிட்டாரின் கழுத்து, பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்தில் இருந்த மஹாகனி. உடலில் ஓக் துண்டும், மரக்கீற்றுகளை ஒட்டிச் செய்யும் 'பிளாக்' பலகையும் (blockboard) இருக்கின்றன. குவீன் குழுவின் ஒலியே அந்தக் கிட்டார்தான்.

பலா வேண்டாம் என்பதல்ல. காய்ந்த பலா கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், இழைக்கவும் நன்றாக வரும். வீணையைக் காரணம் காட்டி மட்டும் வாங்காதீர்கள். பார்க்க வேண்டியவை எடை, ஈரம், திருகைப் பிடிக்கும் பலம்.

எடையில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வைரம் பாய்ந்த கனத்த மரம் என்றால் நமக்கு ஒரு மரியாதை. வாசற்காலுக்கு அது சரி. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வடிவ உடல் ஏறக்குறைய 4 லிட்டர் கன அளவு கொண்டது. ஃபெண்டர் 1956 முதல் அதிகம் பயன்படுத்திய ஆல்டர் மரத்தில் அது 1.8 கிலோ வரும். தேக்கில் 2.6 கிலோ. தோதகத்தியில் (ரோஸ்வுட்) 3.3 கிலோ! கழுத்தும் இரும்புச் சாமான்களும் சேர்ந்தால் இன்னும் ஒன்றரைக் கிலோ. தோளில் மாட்டி இரண்டு மணி நேரம் நிற்கப்போவது நீங்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்காக 1968இல் ஃபெண்டரில் ரோஸ்வுட்டில் ஒரு டெலிகாஸ்டர் கிட்டார் செய்தார்கள்; அழகுக்கும் கனத்துக்கும் பேர்போன அந்த மாடல் விற்பனைக்கு வந்த பிற்பாடு, எடை குறைக்க உள்ளே குடைய வேண்டியிருந்தது.

மரக்கடைக்கு அளவு நாடாவும் தொங்கு தராசும் கொண்டுபோங்கள். நீளம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். கிலோ எடையை அதால் வகுத்து 0.45க்கும் 0.6க்கும் இடையில் வந்தால் நல்ல பலகை. ஒரே மரத்தின் இரண்டு பலகைகளே வேறுபடும் என்பதால் பெயரை மட்டும் நம்ப முடியாது. அதற்காக மிக லேசாகவும் போக வேண்டாம். பவுலோனியா போன்ற மரத்தில் செய்தால் கையை எடுத்தவுடன் கழுத்து தரையைப் பார்த்துத் தொங்கும்.

அடுத்தது ஈரம். கடைக்காரர் "நல்லா காஞ்ச மரம் சார்" என்பார். கதவுக்குப் போதுமான காய்ச்சல் கிட்டாருக்குப் போதாது. கதவு சற்று உப்பினால் இழைத்துவிடலாம். கழுத்து உட்காரும் பள்ளம் அரை மில்லிமீட்டர் கோணினால் தந்தியின் உயரமே மாறிவிடும். சூளையில் காயவைத்த மரமென்றால் 8 முதல் 12 சதவீத ஈரம் இருப்பது நல்லது. காற்றில் காய்வதற்கு ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. ஈரமானி இல்லாவிட்டால் பலகையை வீட்டில் நிழலில், நாலு பக்கமும் காற்றுப் படும்படி கட்டை வைத்துக் கிடத்தி, வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்துவையுங்கள். எடை குறைவது நிற்கும்வரை ரம்பத்தைத் தொடாதீர்கள். வெயிலில் போட்டுச் சீக்கிரம் காயவைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம், முனை வெடித்துவிடும்.

இதனாலேயே காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளிலிருந்து பிரித்து விற்கும் தேக்குத் தூண்களும் கதவுகளும் எனக்குப் பிடிக்கும்: பல பத்தாண்டுகள் காய்ந்த மரம். ஆனால் உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். காந்தத்தை மேலே ஓட்டிப் பார்க்காமல் மரம் குடையும் ரூட்டர் இயந்திரத்தை வைத்தால் அதன் வெட்டும் அலகு போய்விடும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

இயந்திரம் வந்திறங்கிய பைன் பெட்டி மரத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம், லியோ ஃபெண்டரின் முதல் டெலிகாஸ்டர் மாதிரிகள் பைனில் செய்தவைதான். அதில் 'HT' என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால் காய்ந்த மரம் என்று பலர் நினைக்கிறார்கள். பூச்சி சாவதற்காக மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தார்கள் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. 'MB' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரே பலகையில்தான் செய்வேன் என்ற பிடிவாதமும் வீண் செலவு. 33 சென்டிமீட்டர் அகலப் பலகைக்கு விலை அதிகம், வளையும் வாய்ப்பும் அதிகம். தொழிற்சாலைக் கிட்டார்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று துண்டு ஒட்டியவை. ஒட்டு விளிம்பை நேராக இழைப்பதுதான் முக்கியம். கனத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது: இழைத்து முடித்தபின் 44, 45 மில்லிமீட்டர் நிற்க வேண்டும், ஆகவே முழு இரண்டு அங்குலமாக அறுத்த பலகை வாங்குங்கள். ஒன்றரை அங்குலத்தில் செய்தால், கைப்பிடியை அழுத்திச் சுருதியை வளைக்க உதவும் பிரிட்ஜான ட்ரெமலோவின் இரும்புக் கட்டை பின்னால் துருத்தும்.

மலைவேம்பு மாதிரி மென்மையான மரத்தில் 10-46 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தந்தியின் தடிமன்) தந்திகளின் ஏறக்குறைய 45 கிலோ இழுவையை ட்ரெமலோவின் இரண்டு திருகில் ஏற்றாதீர்கள். ட்ரெமலோ இல்லாத, ஐந்தாறு திருகில் உட்காரும் பிரிட்ஜ் போதும்.

கறுப்போ சிவப்போ அடிக்கப்போகிறீர்கள் என்றால் ரேகைக்காகக் காசு கொடுக்காதீர்கள். வார்னிஷ்தான் என்றால் மீந்த துண்டில் முதலில் பூசிப் பாருங்கள். எண்ணெய்ப் பசையுள்ள மரத்தின் மேல் பாலியூரித்தேன் உலராமல் பிசுபிசுப்பது அந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும்.