வட்டமும் சதுரமும் சேர்ந்து வரும் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளித் தேர்வோ போட்டித் தேர்வோ, வட்டமும் சதுரமும் ஒன்றாக வரும் கணக்கில் சூத்திரம் தெரியாமல் தடுமாறுபவர்கள் குறைவு. சூத்திரம் சரியாக இருக்கும், பெருக்கலும் சரியாக இருக்கும், விடை மட்டும் தப்பாக வரும். சதுரத்தின் எந்த நீளம் வட்டத்துக்கு விட்டமாகிறது, எது ஆரமாகிறது என்று பார்க்கும் முன்பே கை கணக்கைத் தொடங்கிவிடுவதுதான் காரணம்.

பக்கம் 14 செ.மீ. உள்ள சதுரத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கங்களையும் தொட்டபடி உள்ளே ஒரு வட்டம். அதன் விட்டம் 14, ஆரம் 7, பரப்பளவு 22/7 × 7 × 7 = 154 ச.செ.மீ. சதுரம் 196. எஞ்சும் நான்கு மூலைத் துண்டுகளும் சேர்ந்து 42. அவசரத்தில் 14-ஐயே ஆரமாகப் போட்டால் வட்டம் 616 என்று வரும். சதுரத்துக்குள் அடங்கிய வட்டம் சதுரத்தைவிட மூன்று மடங்கு பெரிதாக இருக்க முடியாது. உள்ளே தொடும் வட்டம் எப்போதும் சதுரத்தில் முக்காலே சொச்சம்தான், நூற்றுக்கு ஏறக்குறைய 78.5. இந்த ஒரு எண் மனத்தில் இருந்தால் தவறு அங்கேயே பிடிபடும்.

அதே சதுரத்தின் நான்கு மூலைகள் வழியாகச் செல்லும்படி வெளியே ஒரு வட்டம் வரைந்தால் கதை மாறுகிறது. இங்கே விட்டம் சதுரத்தின் பக்கம் அல்ல, மூலைவிட்டம். இதைக் கவனிக்காமல் இங்கும் ஆரம் 7 என்று எழுதுபவர்கள் ஏராளம். மூலைவிட்டம் 14 ரூட் 2, ஆரம் 7 ரூட் 2, ஆரத்தின் வர்க்கம் 98, பரப்பளவு 308. உள்வட்டத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. ரூட் 2-ஐ அவசரப்பட்டு 1.4 என்று மாற்றினால் 301.84 கிடைக்கும். வர்க்கம் எடுக்கும்போது ரூட் தானாகவே மறைந்துவிடும் என்பதால் அதுவரை பொறுத்திருப்பது நல்லது.

தலைகீழாகவும் கேட்பார்கள்: ஆரம் 7 செ.மீ. உள்ள வட்டத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய சதுரத்தின் பரப்பளவு என்ன? விட்டம் 14, ஆகவே பக்கம் 14, விடை 196 என்று எழுதிவிடுகிறார்கள். வட்டமே 154 தானே! இங்கும் விட்டம் என்பது சதுரத்தின் மூலைவிட்டம். மூலைவிட்டத்தின் வர்க்கத்தில் பாதிதான் சதுரத்தின் பரப்பளவு, அதாவது 98. இதற்குப் பிதாகரஸ் தேற்றம்கூட வேண்டாம். உள்ளே இருக்கும் சதுரத்தை 45 பாகை திருப்பிப் பாருங்கள். அதன் மூலைகள், வட்டத்தை வெளியே தொட்டு நிற்கும் 14 செ.மீ. வெளிச் சதுரத்தின் பக்கங்களின் நடுப்புள்ளிகளில் போய் உட்காரும். வெளிச் சதுரத்தின் நான்கு மூலைகளையும் உள்நோக்கி மடித்தால் உட்சதுரம் முழுதாக மூடிக்கொள்ளும். எனவே அது பாதி. காகிதத்தில் ஒருமுறை மடித்துப் பார்த்த பிள்ளைக்கு இது மறக்காது என்பது என் நம்பிக்கை.

மாணவர்களை அதிகம் குழப்புவது இலை வடிவம். 14 செ.மீ. சதுரத்தில் எதிரெதிர் மூலைகளை மையமாக வைத்து, பக்கத்தையே ஆரமாகக் கொண்டு இரண்டு கால்வட்டங்கள் வரைகிறோம். நடுவில் இலை போன்ற பகுதி நிழலிடப்பட்டிருக்கிறது. இங்கே ஆரம் 14, 7 அல்ல. ஒரு கால்வட்டம் 154. சதுரத்திலிருந்து அதைக் கழித்து 42 என்று நிறுத்திவிட்டால், கிடைத்தது இலை அல்ல, ஒரு மூலையில் ஒதுங்கிய துண்டு. இரண்டு பாய்களை விரித்து ஒரு அறையை முழுவதும் மூடியது போல எண்ணிக்கொள்ளுங்கள்: இரண்டு பாய்களின் பரப்பு அறையைவிட எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு இடத்தில் பாய் இரட்டையாகக் கிடக்கிறது. 154 + 154 – 196 = 112. இரண்டு மூலைத் துண்டுகளைக் கழித்தாலும் அதே விடைதான்: 196 – 84 = 112. இரண்டு வழியிலும் போட்டு ஒத்துப்பார்ப்பது அரை நிமிட வேலை.

பரப்பளவுக்கும் சுற்றளவுக்கும் சூத்திரத்தை மாற்றிப் போடுபவர்களுக்கு, கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலின் விதி கைகொடுக்கும். வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு. ஆரம் 7 என்றால் சுற்றளவு 44, அதில் பாதி 22, அதை 7-ஆல் பெருக்க 154. சுற்றளவிலிருந்து பரப்பு பிறப்பதை இந்த விதி கண்முன் காட்டுகிறது. கம்பிக் கணக்கிலும் இந்தத் தெளிவு தேவை. பக்கம் 11 செ.மீ. உள்ள சதுரமாக வளைத்த கம்பியை நிமிர்த்தி வட்டமாக்கினால் மாறாமல் இருப்பது 44 செ.மீ. நீளம் மட்டுமே. பரப்பு 121-லிருந்து 154 ஆகக் கூடிவிடும். பரப்பும் அதேதான் என்று எடுத்துக்கொண்டு ஆரம் தேடினால் கணக்கு எங்கோ போய்விடும்.

பை மதிப்பில் ஒரு எச்சரிக்கை. 22/7 என்பது பையின் உண்மை மதிப்பு அல்ல. அது பையைவிடச் சற்றே பெரியது என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவியிருக்கிறார். ஒரே கணக்கில் ஓரிடத்தில் 22/7, இன்னோரிடத்தில் 3.14 என்று கலந்தால், கழிக்கும்போது அந்தச் சிறு வேறுபாடு விடையில் வந்து நிற்கும். 7-ன் மடங்காக ஆரம் இருந்தால் 22/7, 10 போன்ற எண் வந்தால் 3.14. வினாவில் மதிப்பு கொடுத்திருந்தால் அதுவே.

மாடு மேயும் கணக்கில் படம் வரையாமல் இறங்கவே கூடாது. சதுர வயலின் மூலையில் முளையடித்து, 7 மீட்டர் கயிற்றில் மாட்டை வயலுக்குள் கட்டினால் அது மேய்வது கால்வட்டம், 38.5 ச.மீ. பக்கம் 7 மீட்டருக்குக் குறையாத சதுரக் கொட்டகையின் வெளிமூலையில் அதே கயிற்றால் கட்டினால் முக்கால் வட்டம், 115.5 ச.மீ.

கடைசியாக, ஊகித்தே பலர் தவறவிடும் ஒன்று. 28 செ.மீ. சதுரத் தகட்டில் ஒரே பெரிய வட்டமாக வெட்டினால் வீணாவது கூடவா, இரண்டு வரிசையாக நான்கு சிறு வட்டங்கள் வெட்டினால் கூடவா? பெரிய வட்டத்தின் ஆரம் 14, பரப்பு 616. சிறிய வட்டங்களின் ஆரம் 7, நான்கும் சேர்ந்து 4 × 154 = 616. இரண்டிலும் வீணாவது 168 ச.செ.மீ. இதே போல வரிசைக்கு நான்காகப் பதினாறு வட்டங்கள் வெட்டினாலும் அதே 168.